முயல் தின்ற படுக்கை

கலியாணம் முடிந்து என் கணவர் எனக்கென்று வாங்கிவந்த முதற் பொருள் ஒரு முயல். சேலையோ கைக்கடிகாரமோ வரும் என்று காத்திருந்தவளுக்கு, கொழும்பிலிருந்து ரயிலில் வந்த ஒரு கூடையும் அதற்குள் மிரண்ட கண்களோடு ஒரு வெள்ளை முயலும் கிடைத்தன. "தனிய இருக்கிறாய், உனக்குத் துணைக்கு" என்றார். துணைக்கு வரவேண்டியவர் தாம்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அதை நான் அப்போதே சொல்லிக் காட்டினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். போகப் போக உங்களுக்கே தெரியும்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. அவருக்குக் கொழும்பில் கந்தோர் உத்தியோகம். அங்கே வேறு இரண்டு பேருடன் ஓர் அறையில் இருந்தார். வீடு ஒன்று எடுத்ததும் என்னைக் கூட்டிப்போவதாகப் பேச்சு. அதுவரை சுன்னாகத்துக்குப் பக்கத்தில் அவருடைய தாயோடு நான் இருக்க வேண்டும். அவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போவார். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் மாமியும் நானும்தான்.

மாமனார் காலமான பிறகு புகையிலைத் தோட்டத்தை ஆட்களை வைத்துத் தாமே நின்று செய்தவர் மாமி. விடியமுன் தோட்டத்துக்குப் போனால் வெயில் ஏறித்தான் வருவார். பேச்சு மிகக் குறைவு. ஒரு நாள் முழுவதும் அவர் பேசுவதை ஒரு தபாலட்டையில் எழுதி, முகவரிக்கும் இடம் விடலாம். நானோ கரவெட்டியில் ஒரு தபாலதிபரின் மகள். நாங்கள் நான்கு பெண்கள். எங்கள் வீட்டில் ஒருத்தி கேள்வியை முடிக்க முன்பே மற்றவள் பதிலைச் சொல்லிவிடுவாள், மூன்றாமவள் அதை மறுத்துவிடுவாள். அந்தச் சத்தத்தில் வளர்ந்தவளுக்கு மாமியின் மௌனம் ஒரே அர்த்தத்தைத்தான் தந்தது: என்னை அவருக்குப் பிடிக்கவில்லை. முயலைக் கண்டபோது அவர் கேட்டது, "உது என்ன, எலியோ?" என்பது மட்டும். அதையும் நான் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

முயலுக்கு வீடு ஒரு தேயிலைப் பெட்டி. பெட்டியைச் சரித்து வைத்து, வாய்ப்பக்கத்துக்குக் கோழிக்கூட்டுக் கம்பிவலை அடித்து, சமைக்கிற குசினியை ஒட்டிச் சாய்ப்பாக இறக்கிய பத்தியில் காற்றுப்படும் மூலையில் வைத்தோம். வந்தபோது அது கந்தோரில் கழித்த காகிதங்களை நீளம் நீளமாகக் கிழித்துப் போட்டதன் மேல் படுத்திருந்தது. அரசாங்கக் காகிதத்தில் படுத்த காலம்தான் அது சுகமாக இருந்த காலம். காகிதம் நனைந்து முடிந்ததும் எனக்குக் கேள்வி எழுந்தது: முயல் எதன்மேல் படுக்கும்? கோழி மண்ணில் கிடக்கிறது. ஆடு கொட்டிலில் பலகைமேல் நிற்கிறது. எங்கள் பக்கத்தில் எந்த மிருகத்துக்கும் படுக்கை விரித்துப் பழக்கம் இல்லை. கேட்கவும் ஆளில்லை.

சந்திக்குப் பக்கத்தில் மரம் அரிகிற மரக்காலையில் மரத்தூள் குவிந்து கிடந்தது. ஒரு கடகம் நிறைய அள்ளிவந்து நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்பினேன். பார்க்க நல்ல அழகு. வெள்ளை முயல், மஞ்சள் தூள், அதைப் பார்த்துப் பார்த்து நான் பூரித்தேன். மூன்றாம் நாள் முயல் தும்மத் தொடங்கியது. முயல் தும்மி நீங்கள் கேட்டிருக்கிறீர்களோ தெரியாது. சத்தம் சின்னதுதான், ஆனால் உடம்பு முழுவதும் குலுங்கும். கண்ணோரம் ஈரம் கசிந்தது. முன்னங்கால்களால் மூக்கைத் துடைத்துத் துடைத்து அங்கே மயிர் ஒட்டிப்போயிற்று. தடிமன் பிடித்துவிட்டது என்று நினைத்த நான், குளிர்காற்றுப் படாமல் பெட்டியைச் சாக்கால் மூடினேன். தூளும் உள்ளே, தும்மலும் உள்ளே. என் புத்திசாலித்தனத்துக்கு அது ஒரு வாரம் தும்மியது.

"உங்கள் முயலுக்குத் தடிமன்" என்று கணவருக்கு எழுதினேன். "எனக்கும்தான். இரண்டு பேருக்கும் கொத்தமல்லி அவித்துக் கொடு" என்று பதில் வந்தது. கொழும்பில் இருந்துகொண்டு பகிடி விடுவது சுலபம்.

பிறகு தூளைக் கொட்டிவிட்டு, பெட்டியை மூடிய அதே சாக்கை உள்ளே விரித்தேன். தும்மல் குறைந்தது. ஆனால் சாக்கு மூத்திரத்தைக் குடித்து வைத்துக்கொண்டது. பெட்டிக்குள் தலையை விட்டால் கண்ணைக் கடிக்கும் நெடி. இரண்டு நாளைக்கு ஒருமுறை தோய்த்தேன். சரியாகக் காயமுன்பே திரும்பவும் போட்டேன். மாற்றிப் போட இன்னொரு சாக்குக் கேட்டிருந்தால் மாமி தந்திருப்பார். கேட்க எனக்கு ரோசம். என் ரோசத்துக்கு முயலின் கால் புண்ணாகியது. பின்னங்கால் அடியில் மயிர் உதிர்ந்து, தோல் சிவந்து, நொண்டி நொண்டி நடந்தது. ஓயாமல் சொறியவும் தொடங்கியது. முயல் என்றால் சொறியும்தானே என்று விட்டுவிட்டேன். ஒருநாள் மாமி தோட்டத்தால் வந்தவர், கால் கழுவாமலே பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனார். நாற்றம் பொறுக்க முடியவில்லையாக்கும் என்று எனக்குள் பொருமினேன்.

அது புகையிலை வெட்டிப் பதப்படுத்துகிற காலம். வீட்டைச் சுற்றி எங்கு பார்த்தாலும் இலை. கொட்டிலில் இலை தொங்கும், முற்றத்தில் இலை காயும், தேங்காய்ப் பொச்சு மூட்டிய புகை நாள்முழுக்க வளவைச் சுற்றும். கலியாணமாகி வந்த முதல் மாதம் அந்த மணத்தில் எனக்குத் தலையிடி நிற்கவில்லை. என் தலையணை மணத்தது, கூந்தல் மணத்தது, குடிக்கிற தண்ணீரும் மணத்தது. பிறகு மெல்ல மெல்ல மணப்பது நின்றுவிட்டது. மணம் போகவில்லை, என் மூக்குத்தான் அந்த வீட்டு மூக்காகிவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அப்படி ஆகாதிருந்தால் பின்னால் நடந்தது நடந்திராது.

பங்குனியில் பெரியபிள்ளையான என் கடைசித் தங்கையின் சாமத்தியச் சடங்கு வந்தது. நான்கு நாள் கரவெட்டிக்குப் போகவேண்டும். முயலைக் கொண்டுபோகவும் முடியாது.

"மாமி, முயலுக்கு ரெண்டு நேரம் புல்லுப் போட்டால் காணும். தண்ணிச் சிரட்டையையும் ஒருக்காப் பாருங்கோ" என்றேன்.

"ம்" என்றார்.

அந்த "ம்" எனக்கு நான்கு நாளும் நெஞ்சில் உறுத்தியது. அம்மாவிடம் முறையிட்டேன். சகோதரிகளிடம் மாமியைப் போல நடந்து காட்டி, "ம்" சொல்லிக் காட்டிச் சிரிக்கவைத்தேன். ஐந்தாம் நாள் பின்னேரம் பஸ்ஸால் இறங்கி, கையிலிருந்த உடுப்புப் பெட்டியைக் கீழே வைக்கமுன் பத்திக்கு ஓடினேன்.

தேயிலைப் பெட்டி கழுவித் துடைத்திருந்தது. சாக்கு இல்லை. புதிதாக, பொன்னிறமாக, வைக்கோல் தடிப்பாகப் போட்டிருந்தது. அதன்மேல் முயல் ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தது. வாயால் நீர் வடிந்து கழுத்து மயிரெல்லாம் நனைந்திருந்தது. கால்கள் இழுத்து இழுத்து நடுங்கின. முன்னால் போட்ட முருங்கையிலை அப்படியே வாடிக் கிடந்தது. தூக்கினேன், கழுத்து நிற்கவில்லை.

மாமி குசினி வாசலில் வந்து நின்றார்.

"என்ன குடுத்தனீங்கள்?" என்றேன்.

"புல்லும் முருங்கையிலையும்."

"வேறை?"

"வேறை ஒண்டுமில்லை. காலமை வரைக்கும் நல்லாய்த்தான் இருந்தது."

அவ்வளவுதான். மாதக்கணக்காகச் சேர்த்து வைத்தது எல்லாம் என் வாயால் வந்தது. "உங்களுக்கு உது பிடிக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். என்னையும்தான் பிடிக்கேல்லை. அதுக்காக வாயில்லாச் சீவனுக்கு நஞ்சு வைக்கிறதோ? நீங்களும் ஒரு மனிசியோ?" என்று கத்தினேன். பக்கத்து வளவுக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்ற பெண் வாளியைக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்துவிட்டு நின்று கேட்டாள். நான் அதையும் பொருட்படுத்தவில்லை.    மாமி உள்ளே போய்த் தம்முடைய பழைய நூற்சேலை ஒன்றைக் கிழித்துக் கொண்டுவந்து, முயலைச் சுற்றும்படி என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை. என் சேலையாலேயே சுற்றினேன்.

பொழுதுபட முன்பே கணவருக்குக் கடிதம் எழுதி முடித்துவிட்டேன். ஆறு பக்கம். அதில் இரண்டு வரி இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்: "உங்கள் அம்மா என் முயலுக்கு நஞ்சு வைத்துவிட்டார். அடுத்தது நான்தான், உடனே வந்து என்னைக் கூட்டிப்போங்கள்." எழுதி முடித்தபோது நெஞ்சு ஆறியது போலக்கூட இருந்தது. கோபத்தில் எழுதுகிறவளுக்கு எழுத்து எவ்வளவு நன்றாக வருகிறது!

விடிய, முயலுக்கு உயிர் இருந்தது. கூடையில் வைத்துக்கொண்டு, சந்தித் தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு, மாட்டாஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். ஏறி இருந்த பிறகுதான் பார்க்கிறேன், இரண்டு வரிசை பின்னால் மாமி. கையில் குடை.  நான் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் மாடுகளும் ஆடுகளும் ஆட்களும். என் முறை வந்து கூடையைத் திறந்தபோது பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "பிள்ளை, உது கறிக்கோ மருந்துக்கோ?" என்று ஒருவர் கேட்டார். மிருக வைத்தியர் சிரிக்கவில்லை. இளம் ஆள், வட்டுக்கோட்டைப் பக்கம், நெல் விதைக்கிற குடும்பம் என்று பிறகு அறிந்தேன். முயலின் வாயைத் திறந்து பார்த்தார். காலைத் தூக்கி அடியைப் பார்த்தார். பிறகு குனிந்து அந்தக் காலை மணந்து பார்த்தார்.

"உதைப் புகையிலைக் கொட்டிலுக்கையோ வைச்சிருக்கிறியள்?"

"இல்லை, குசினிப் பத்தியிலை" என்றேன்.

"அப்ப என்னத்திலை படுக்கிறது?"

"வைக்கலிலை."

"வைக்கல் உப்பிடி மணக்காதே" என்றார். எனக்கு ஒரு மணமும் தெரியவில்லை. என் மூக்கைப் பற்றித்தான் சொன்னேனே.

அப்போது எனக்குப் பின்னால் மாமியின் குரல் கேட்டது. "வைக்கலுக்குக் கீழை புகையிலை நரம்பு வெட்டிப் போட்டனான், தம்பி."

திரும்பிப் பார்த்தேன். மாமி குடையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.

"ஏனம்மா அதைப் போட்டனீங்கள்?" என்று வைத்தியர் கேட்டார்.

"கோழிக்கு அடை வைக்கேக்கை போடுறனாங்கள் எல்லோ. பேன் அண்டாது. உது கிடந்து சொறிஞ்ச சொறி, பாக்க ஏலாமல் கிடந்தது. பிள்ளை வாறதுக்கிடையிலை சுகமாக்கிப்போட வேணுமெண்டு நினைச்சன்." அவ்வளவு நீளமாக மாமி பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

புகையிலை செய்கிற வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். இலையிலிருந்து கழிகிற நடுநரம்பைத் துண்டு துண்டாக வெட்டி அடைக்கோழியின் கூட்டில் போடுவார்கள். கோழி இருபத்தொரு நாள் அதன்மேல் இருந்துவிட்டுக் குஞ்சுகளோடு இறங்கிப் போகும், ஒரு பேன் இருக்காது. அந்த ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். மாமி கேட்காமலே செய்தார்.

வைத்தியர் கோபிக்கவில்லை. "அம்மா, கோழி தான் படுக்கிறதைத் தின்னாது. முசல் தின்னும். தின்னுறதிலைதான் படுக்கும், படுக்கிறதைத்தான் தின்னும். மேலை வைக்கலைக் கடிச்சு, கீழை நரம்பையும் கடிச்சுப்போட்டுது. அதோடை மூத்திரம் பட்டு நரம்பு ஊறி, காலிலை இருக்கிற புண்ணாலையும் சாறு ஏறியிருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "கால் உப்பிடிப் புண்ணாகினது நேற்று முந்தநாள் இல்லை. சொறியும் அப்பிடித்தான். முந்தி என்ன போட்டனீங்கள்?"

மரத்தூளையும் ஈரச்சாக்கையும் சொன்னேன்.  மாமி போட்டது நான்கு நாள். நான் போட்டது இரண்டு மாதம். அது சொறிவதை நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். அதற்கு மருந்து தேடியவர் மாமி.

வைத்தியர் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுப்பித்து, முயலின் காலையும் வயிற்றையும் கழுவி, வாயைத் துடைத்து, ஏதோ கறுப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். சூடாக வைத்திருக்கச் சொன்னார். பஞ்சால் தண்ணீர் பருக்கச் சொன்னார். இன்றைக்குப் பொழுதுபட முன்பு தானாக ஒரு புல்லைக் கடித்தால் பயமில்லை என்றார். இனிமேல் நன்றாகக் காய்ந்த புல்லைத் தவிர வேறு எதையும் கீழே போடக்கூடாது. ஈரமான இடத்தை அன்றன்றே எடுத்துவிட வேண்டும் என்றார். பின்னால் நின்று சிரித்தவர்கள் சிரிப்பை விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பஸ்ஸில் மாமிக்குப் பக்கத்தில் இருந்தேன். கூடை இருவர் மடியிலுமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வேறொன்று நினைவுக்கு வந்தது. கடிதம்!

சந்தியில் இறங்கியதும், "மாமி, ஒரு நிமிசம்" என்று கூடையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தபால் கந்தோருக்கு ஓடினேன். உள்ளே இருந்தவர் என் ஐயாவைத் தெரிந்தவர். போட்ட கடிதத்தைத் திருப்பி எடுக்க ஏலுமோ என்று கேட்டேன். "தபாலதிபரின்ரை மகள் கேக்கிற கேள்வியே இது? பெட்டிக்குள்ளை விழுந்தாப் பிறகு அது உங்கடையும் இல்லை, எங்கடையும் இல்லை. அதோடை பை கட்டி ஸ்ரேசனுக்கும் போயிட்டுது" என்றார். அவர் சொல்லி முடிக்க, ஸ்ரேசன் பக்கம் ரயில் கூவிய சத்தம் கேட்டது. வெளியே மாமி வெயிலில் கூடையின் மேல் குடையைப் பிடித்தபடி நின்றார். தம் தலைக்குக் குடை இல்லை.

அன்று பின்னேரம் முழுவதும் இருவரும் பத்தியில் இருந்தோம். மாமி தோட்டத்துக்குப் போகவில்லை. புகையிலை வெட்டுகிற காலத்தில் அவர் தோட்டத்துக்குப் போகாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு அப்போது தெரியும். நான் பஞ்சால் தண்ணீர் விட்டேன்; அவர் தம் நூற்சேலைத் துண்டை அடுப்புச் சூட்டில் காட்டிக் காட்டி முயலைச் சுற்றினார். இம்முறை நான் தடுக்கவில்லை. வெயில் முற்றத்தை விட்டு வேலிக்கு ஏறுகிற நேரம், முயல் தலையைத் தூக்கியது. மாமி ஒரு அறுகம்புல்லை அதன் வாயருகே பிடித்தார். மூக்கு ஆடியது. பிறகு புல் மெல்ல மெல்லக் குறுகியது.

"தின்னுறார்" என்றார் மாமி. அன்றிலிருந்து அந்த வீட்டில் முயல் 'உது' இல்லை, 'உவர்'.

அடுத்த நாள் நான் இரண்டாவது கடிதம் எழுதினேன். முதலாவது பிழை, என் மூளை பிழை, மாமி நல்லதற்குத்தான் செய்தார் என்று எல்லாம் எழுதிப் போட்டேன். முதல் கடிதத்தைப் பற்றி மாமியிடம் சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை. அவர் மகனைப் பெற்று வளர்த்தவர். அந்த மகனுக்கு, உன் தாய் நஞ்சு வைக்கிறவள் என்று எழுதியிருக்கிறேன். இதைத் தெரிந்தால் எந்த மாமி பொறுப்பார்? கடிதங்கள் இரண்டும் கொழும்பில் ஒன்றையொன்று முந்திப் பிடிக்கவேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்ந்தேன்.

அன்றிலிருந்து மாமி புல் வேலையில் இறங்கினார். தோட்டத்து வரம்பில் புல் தாராளம். அதைத் தொடவில்லை. "அங்கை புகையிலைக்கு மருந்து அடிக்கிறது" என்று, தூரத்து வெறுங்காணிக்குப் போய் அறுத்துவந்தார். அறுத்த புல்லை அவர் உலர்த்திய விதத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். புகையிலைக்காரியின் கை அது. இலை எப்போது காய்ந்தது, எப்போது காய்ந்ததுபோல நடிக்கிறது என்று விரலால் தொட்டுச் சொல்லத் தெரிந்தவர். காலை வெயிலில் மெல்லிசாகப் பரப்பினார்; உச்சிவெயிலில் நிழலுக்கு இழுத்தார்; பின்னேரம் புரட்டினார். ஒரு தாளை எடுத்து முறுக்கிப் பார்ப்பார். "நடுத்தண்டிலை ஈரம் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு மூச்சு இழுக்கும்" என்பார். முயலுக்கு மூச்சு இழுக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. புகையிலைக்குப் பூஞ்சணம் பிடித்த கொட்டிலில் ஆட்கள் இருமுவதைப் பார்த்தவர், அதிலிருந்து தாமே பிடித்துக்கொண்டார். பெட்டியின் அடியில் பனஞ்சலாகைகளை இடைவெளி விட்டு அடித்து, ஈரம் கீழே இறங்கும்படி செய்தவரும் அவர்தான். அதன்மேல் ஒரு சாண் உயரத்துக்கு அந்தப் புல். பச்சை நிறம் போகாமல் காய்ந்த புல். முயல் அதற்குள் இறங்கி, சுற்றிப் பார்த்து, ஒரு வாய் கடித்து, பிறகு கால்களை நீட்டிப் படுத்தது. ஒரு மாதத்தில் பாதத்தில் மயிர் முளைத்தது. தும்மல் இல்லை, சொறி இல்லை.

கதையை இங்கே கொஞ்சம் முந்திச் சொல்லிவிடுகிறேன். அந்த முயல் அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தது. இரண்டு வருடம் சுன்னாகத்தில், நான்கு வருடம் கொழும்பில் எங்கள் வாடகை வீட்டில். ஊரிலிருந்து ஆட்கள் வரும்போது மற்ற வீடுகளுக்கு முருங்கைக்காயும் பனையில் செய்த பினாட்டும் ஒடியலும் வரும். எங்களுக்கு அவற்றோடு ஒரு சாக்குக் காய்ந்த புல்லும் வரும். மாமி அனுப்புவது. கோட்டை ஸ்ரேசனில் அதைத் தூக்கிக்கொண்டு வருகையில் தெரிந்தவர்கள் கேலி செய்தார்கள், கொழும்பில் மாடு வாங்கிவிட்டீர்களோ என்று. என் கணவருக்கு வெட்கம். எனக்கு வெட்கமே இல்லை. அந்தச் சாக்கை அவிழ்த்து முகத்தை வைத்து மணந்து பார்ப்பேன். வெயில் மணம் மட்டும் இருக்கும், புகையிலை மணம் துளியும் இருக்காது. அதற்காக அவர் எவ்வளவு மினக்கெட்டிருப்பார் என்று நினைத்தால் கண் கலங்கும். என் வாழ்க்கையில் எனக்காக நடந்த நல்ல காரியங்களில் அந்தப் புல்லை முன்வரிசையில்தான் வைப்பேன். அந்த இளம் வைத்தியருக்கும் நன்றி சொல்லவேண்டும். அவருடைய பழகாத மூக்கு இல்லாவிட்டால், மாமி நஞ்சு வைத்தார் என்ற எண்ணத்தோடேயே நான் காலம் முழுவதும் இருந்திருப்பேன்.

இனி விட்ட இடத்துக்கு வருகிறேன். கடிதம் போட்ட மூன்றாம் நாள் காலை. மாமி முற்றத்தில் புல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார், நான் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். படலை திறந்த சத்தம் கேட்டது. என் கணவர். கையில் ஒரு சின்னப் பை. முகச்சவரம் செய்யவில்லை. என் இரண்டாவது கடிதம் கொழும்புக்குப் போக, அவர் முதலாவதை வாசித்துவிட்டு இங்கே வந்திருந்தார்.

என்னைப் பார்க்கவில்லை. நேரே தாய்க்கு முன்னால் போய் நின்றார். "அம்மா, நீங்கள் உப்பிடிச் செய்வியளெண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை" என்றார். 

 அந்த இடத்தில் பேசாமல் நின்றால் நான் மனிசியில்லை. கையிலிருந்த துணியோடு முற்றத்துக்கு இறங்கினேன். "அவவை ஒண்டும் சொல்லாதையுங்கோ. நான் எழுதினது பொய். மாமி முயலுக்குச் சுகம் வரட்டுமெண்டுதான் செய்தவ. பிழை முழுக்க என்னிலை. நான்தான் கண்டபடி எழுதிப்போட்டன்" என்றேன். மாமியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

என் கணவர் என் பக்கம் திரும்பினார். "உனக்கு என்ன விசரே? நஞ்சு வைச்சவ எண்டு பெத்த தாயைப் பற்றி எழுதுவியே? ராத்திரி முழுக்க ரயிலிலை எனக்கு நித்திரை இல்லை. நீயெல்லாம்..." 

"அவளை ஏன் பேசுறாய்?" என்றார் மாமி.

புல்லைப் புரட்டுவதை அவர் நிறுத்தவில்லை. "தபால் பெட்டியிலை போடேக்கை நான் பின்னாலை நிண்டனான். என்னைப் பற்றித்தான் எண்டும் விளங்கினது. இப்ப என்ன அதுக்கு?" ஒரு பிடி புல்லை உதறிப் போட்டார். "உந்தச் சின்னச் சீவனுக்கு ஒண்டெண்டவுடனை, மாமி எண்டும் பாக்கேல்லை, அயலுக்குக் கேக்குதெண்டும் பாக்கேல்லை, நிண்டு சண்டை பிடிச்சவள். நான் எத்தினை நாளைக்கு இருக்கப்போறன்? நாளைக்கு உனக்கு ஒண்டெண்டால் உப்பிடி நிண்டு கத்துறதுக்கு ஒரு ஆள் இருக்கு. எனக்கு அது காணும்."

என் கணவர் பையைக் கீழே வைத்தார். நான் மாமிக்கு முன்னால் புல்லின்மேல் அப்படியே குந்திவிட்டேன். மன்னிப்பு, நன்றி என்று நான் ஆயத்தம் பண்ணி வைத்திருந்த சொற்கள் ஒன்றும் வரவில்லை. அழுகைதான் வந்தது. அடக்க அடக்க வந்தது.

 மாமி என் தோளைப் பிடித்து மெல்லப் புல்லை விட்டு அப்பால் அரக்கினார்.

"அங்காலை நிண்டு அழு, பிள்ளை. புல்லு ஈரமாப் போகும்."